பாவு தெரிகிறது, ஊடை தெரியவில்லை!

கண் கெட்டவனைக் கண்டால், காரணம் கூற ஓடி வருவோர் நம் நாட்டிலே எத்தனை பேர்! முற்பிறப்பில் எவர் வீட்டு விளக்கையோ அணைத்த பாவம் என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். சாதகத்தில் இரண்டாமிடம் கெட்டிருக்கிறது என்று விரலை மடக்கிக் கணக்குச் சொல்வார் சோதிடர். மாரியம்மன் கோயில் வாயிலிலே வெள்ளித் தகட்டில் அடித்த கண்மலரை விற்பவருக்கோ காரணமே தேவையில்லை. பரிகாரம் மட்டும் போதும். போதாக்குறைக்குக் கண்ணைப் பெயர்த்துக் கல்லிலே அப்பிய கண்ணப்பன் கதை வேறு, கண்ணீர் மல்கக் கூறப்படுகிறது! அந்தக் கண்ணை அளந்து பார்த்தாயா என்று கேட்டால் மட்டும், அத்தனை பேரும் வாய் மூடிக் கொள்கின்றனர்.

அளப்பது பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். அதிலும் ஒரு சிறு அளவை. கண்ணின் முன்புறத்தே, கடிகாரத்தின் கண்ணாடி போல் கவிந்திருக்கும் கருவிழிப் படலத்தின் வளைவு அளவை.

கண்புரைக்கு அறுவை செய்துகொள்ள இன்று பெரும்பாலோர் அஞ்சுவதில்லை. பஞ்சாங்கம் பார்ப்போரும் பார்த்துவிட்டு வந்து படுக்கின்றனர். அது பகுத்தறிவு பெற்ற வெற்றிதான். ஆனால், புரையை எடுத்த பிறகும் பார்வை நேராகாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோர் நம் ஊர்களில் உண்டு. “எடுத்தாகிவிட்டது, இனி அவ்வளவுதான், வயதாகிவிட்டதல்லவா?” என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. முன்பு தலையெழுத்து என்றனர். இப்போது வயது என்கின்றனர். சொல்தான் மாறியிருக்கிறது.

என் தந்தையார் கைத்தறி நெசவாளர். ஐம்பது ஆண்டுக்கும் மேலாகத் தறிக்குழியிலே கால் ஊன்றியவர். 2022-ஆம் ஆண்டு அவருடைய வலக்கண்ணில் புரை எடுக்கப்பட்டது. பெரியதொரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். நல்ல முறையிலேதான் எடுத்தனர். புண்ணாகவில்லை, சீழ் பிடிக்கவில்லை, வெளிச்சம் வந்தது. கட்டை அவிழ்த்த அன்று, சுவரின் சுண்ணாம்பு இவ்வளவு வெள்ளையா என்று வியந்தார். ஆனால் தறியிலே அமர்ந்த முதல் நாளே எழுந்து வந்துவிட்டார்.

“பாவு தெரியுதப்பா. ஊடைதான் தெரியலை” என்றார்.

அறியாதவர்க்காகச் சொல்கிறேன்: தறியிலே நெடுக்காக ஓடும் நூல் பாவு, நாடா குறுக்கே கொண்டு செல்லும் நூல் ஊடை. ஒரே நூல், ஒரே நிறம், ஒரே தொலைவு. நெடுக்கு நூல் ஒவ்வொன்றாகத் தெரிகிறதாம். குறுக்கு நூல் குழம்பிப் போகிறதாம். இதோடு விட்டாரா? வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து, “மின்கம்பி தெளிவா இருக்கு, கம்பம்தான் கலங்குது” என்றார். அருகிலே நெடுக்கு தெரிகிறது, தொலைவிலே குறுக்கு தெரிகிறது! கேட்டவர்கள் சிரித்தனர். பங்காளி ஒருவர், “அண்ணனுக்குக் கண்ணுல இல்லை, மண்டையிலதான் கோளாறு” என்றார். மருத்துவமனையில் மறுபார்வைக்குச் சென்றபோது, “எழுத்துப் பலகையில் நாலு வரி படிக்கிறீர்களே, போதும் பெரியவரே” என்று அனுப்பிவிட்டனர்.

சிரித்தவர்கள் அறியவில்லை, தோழர்களே! ஒளியியல் படித்த பேராசிரியர் ஒருவர் கூறியிருந்தாலும் இதைவிடத் துல்லியமாகக் கூறியிருக்க முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்ற நெசவாளி, தன் கண்ணின் வளைவை வாய்மொழியாலேயே அளந்து சொல்லிவிட்டார். எப்படி என்று விளக்குகிறேன்.

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வில்லைகள் இரண்டு. முன்னே கருவிழிப் படலம். உள்ளே இயற்கை வில்லை. குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, அதாவது சுமார் 43 டயாப்டர், முன்னே உள்ள படலத்தினுடையது. புரை விழுவதோ உள் வில்லையில். அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கின்றனர். முன் படலம் இருந்தபடியே இருக்கிறது. அது பந்தின் மேற்புறம் போல் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருந்தால் தொல்லையில்லை. பலருக்கு அது கோழிமுட்டையின் பக்கவாட்டைப் போல், ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்குத் திசையில் குறைவாகவும் வளைந்திருக்கிறது. அப்போது, ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி மீண்டும் ஒரு புள்ளியாகக் குவிவதில்லை. இரு வேறு தொலைவுகளில் இரு கோடுகளாகக் குவிகிறது. பார்வைச் சிதறல் என்று பள்ளிப் பாடநூல் கூறுவது இதைத்தான். மருத்துவர் அஸ்டிக்மாட்டிசம் என்பர். புள்ளியின்மை என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

என் தந்தையாருக்குக் குறுக்குத் திசையில் வளைவு மிகுதி. முதுமையில் படலம் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கிறது. தறியின் தொலைவுக்குக் குறுக்குத் திசையின் குவிவு சரியாக அமைந்துவிட, கலக்கம் நெடுக்குத் திசையில் மட்டும் எஞ்சியது. நெடுக்கு நூல் நெடுக்குத் திசையிலேயே கலங்கினால் என்ன ஆகும்? நூலின் மேலேயே நூல் விழும். கண்ணுக்குக் கலக்கம் தெரியாது. குறுக்கு நூலோ ஒன்றின் மேல் ஒன்று படிந்து துணியே சேறாகும். தெருவின் தொலைவுக்கு நெடுக்குத் திசையின் குவிவு சரியாக அமைகிறது. கலக்கம் குறுக்கே ஓடுகிறது. கம்பி தப்பியது, கம்பம் கலங்கியது. மண்டையில் கோளாறு இருந்தது உண்மைதான். அது அவருடைய மண்டை அன்று!

இதை முதலில் கண்டவர்களும் தம் கண்ணைத் தாமே ஐயுற்று ஆராய்ந்தவர்கள்தாம். 1801-இல் தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர், தம் கண்ணில் இருந்த சிதறலை அளந்து வெளியிட்டார். கண்ணை நீரோடு ஒட்ட வைத்துப் பார்த்தார். அப்போது முன் படலத்தின் ஆற்றல் ஏறக்குறைய அற்றுப் போகிறது. அப்போதும் சிதறல் நீங்கவில்லை. எனவே தம் குறை உள் வில்லையில் என்று முடிவு கட்டினார். எவ்வளவு எளிய சோதனை. எவ்வளவு நேர்மையான முடிவு! 1825-இல் ஜார்ஜ் ஏரி என்னும் இளைஞர், இருபது வயதுகளில் இருந்தவர், பயனற்றது என்று ஒதுக்கி வைத்த தம் இடக்கண்ணை அட்டையில் குத்திய ஊசித்துளை கொண்டு ஆராய்ந்தார். ஒளிப்புள்ளி ஒரு தொலைவில் ஒரு பக்கம் சாய்ந்த கோடாகவும், மறு தொலைவில் அதற்குக் குறுக்கான கோடாகவும் தெரிந்தது. கணக்கிட்டு, உருளை வடிவ வில்லையொன்றைக் கடைந்து தரச் செய்து, அணிந்து, அந்தக் கண்ணால் படித்தார். பின்னர் கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவரானவர் அவர். விண்மீனைப் பார்த்து மணியைக் கணித்தவர். நம் நாட்டிலோ விண்மீனைப் பார்த்துக் கண்ணோயைக் கணிக்கின்றனர்.

அறுவையிலேயே இதைத் திருத்தலாம் என்ற எண்ணமும் பழையதே. 1869-இலேயே, நெதர்லாந்தின் ஸ்னெல்லன், கண் மருத்துவமனைகளில் தொங்கும் எழுத்துப் பலகையை 1862-இல் வகுத்தவர், வளைவு மிகுந்த திசையில் படலத்தைக் கீறினால் அந்தத் திசை தட்டையாகும் என்று எடுத்துரைத்தார். புரைக்குப் பதில் வில்லை வைக்கும் வழி அப்போது பிறக்கவில்லை. அது 1949-இல் இலண்டனில் பிறந்தது. போரிலே வானூர்தி ஓட்டிகளின் கண்ணுக்குள் தெறித்துத் தங்கிய விதான நெகிழிச் சில்லுகளைக் கண் வெறுக்கவில்லை என்பதைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி, அதே வகைப் பொருளில் வில்லை செய்து வைத்தார். உடன் மருத்துவர் பலர் அவரைப் பழித்தனர். உலகம் அவர் வழியே வந்தது. 1992-இல் சப்பானில் ஷிமிசு என்பாரும் அவர் குழுவினரும் கருவிழியின் கோணலையும் சேர்த்துத் திருத்தும் வில்லையைக் கண்ணுக்குள் வைத்தனர். ஏரி மூக்கின் மேல் அணிந்த உருளை வில்லை, கண்ணுக்குள்ளேயே குடியேறியது! டோரிக் வில்லை என்பது அதன் பெயர். அன்று மடிக்க முடியாத வில்லை. பெரிய கீறல் வேண்டியிருந்தது. இன்று மடித்துச் சிறு கீறல் வழியே செலுத்துகின்றனர்.

இந்த வில்லையின் நுட்பம் அதை வைக்கும் கோணத்திலே இருக்கிறது. வில்லையில் குறித்த அச்சு, படலத்தின் வளைவு மிகுந்த அச்சோடு பொருந்த வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் திருத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 3.3 பங்கு போயிற்று. பத்து டிகிரி பிசகினால் மூன்றில் ஒரு பங்கு. முப்பது டிகிரி பிசகினால், வைத்தும் வைக்காததும் ஒன்றே. அதற்கும் மேல் போனால் கேடு கூடும். வேடிக்கை ஒன்று கேளுங்கள். அமர்ந்திருக்கும் மனிதன் படுத்தால், அவன் கண் குழியிலே சற்றே உருண்டுகொள்கிறது. சிலருக்கு இரண்டு மூன்று டிகிரி, சிலருக்கு அதற்கும் மேல். ஆகவே படுக்க வைப்பதற்கு முன், நேராக அமர வைத்து, எதிரே நோக்கச் செய்து, கண்ணின் ஓரத்தில் மையால் புள்ளி வைத்துக் கொள்கின்றனர். சில இடங்களில் அந்த வேலையைக் கருவியின் படம் செய்கிறது. நம் தச்சர் இரசமட்டம் வைத்து நிலைப்படி பொருத்துகிறாரே, அதே நேர்மை, அவ்வளவே.

அந்த மைப்புள்ளியைக் கண்டபோது என் அத்தை, திருஷ்டிப் பொட்டு என்று எண்ணி மகிழ்ந்தார்! அது பின்னர் நடந்தது, கூறுகிறேன்.

“மூக்குக் கண்ணாடி எதற்கு இருக்கிறது? அதிலேயே திருத்தலாமே!” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். திருத்தலாம். சிதறல் சிறிதாயின், ஒரு டயாப்டருக்கும் கீழாயின், பலருக்கு எதுவுமே வேண்டாம். என் தந்தையாருக்கும் வலக்கண்ணுக்கு உருளைக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அணிந்ததும் தரை ஒரு பக்கம் சரிந்தது. தறியின் மிதிப்பலகை கோணலாயிற்று. திண்ணைப் படியில் கால் தவறிற்று. இளம் வயதிலிருந்து அணிந்தவர் பழகிக் கொள்வர். அறுபதைக் கடந்தவர்க்கு, கனத்த உருளைக் கண்ணாடியோடு பழகுவது எளிதன்று. ஒரு வாரத்தில் அது உறைக்குள் போயிற்று. அதன்பின் அவர் ஊடையைக் கையால் தடவிப் பார்த்து நெய்தார். விட்ட இழை மிகுந்தது; கூலியில் பிடித்தம் மிகுந்தது.

இடக்கண்ணிலும் புரை முற்றிற்று. 2024-இல் வேறொரு மருத்துவரிடம் சென்றோம். பாவு, ஊடைக் கதையை நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எழுதிக் கொண்டார். கருவிழியை அளந்தார். இரண்டரை டயாப்டர் கோணல், குறுக்குத் திசையில். படலத்தின் பின்புறத்துக்கும் வளைவு உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். (அமெரிக்காவில் கோக் என்பாரும் துணைவரும் 2012-இல் அதை எடுத்துக் காட்டிய பின்னரே, இந்தக் கணக்குச் செம்மையாயிற்று என்று பிறகு படித்தறிந்தேன்.) டோரிக் வில்லை வைக்கலாம், சாதாரண வில்லையைவிடப் பல மடங்கு விலை என்றார்.

வெளியே வந்ததும் என் தந்தையார் கூறிய சொல்லை நான் மறக்கவே முடியாது.

“எனக்கெதுக்கப்பா இவ்வளவு செலவு? பாதி தெரிஞ்சா போதாதா?”

பாதி போதும்! எவர் கற்றுக் கொடுத்தது இந்தச் சொல்லை? பாதி வயிறு போதும், பாதிக் கூலி போதும், பாதிப் படிப்பு போதும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட கூட்டம், இப்போது பாதிப் பார்வையும் போதும் என்கிறது. முதல் மருத்துவமனையில் “நாலு வரி போதும் பெரியவரே” என்றவரும், இவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைத்தான் எடுத்துத் திருப்பித் தந்தார். எழுத்துப் பலகையின் கடைசி வரி எவருக்காக அச்சிடப்பட்டிருக்கிறது? கூலிக்காரன் அதைப் படிக்கலாகாது என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது?

பணம் உள்ளவனுக்கே நேரான பார்வை என்றால், அதை எதிர்க்க வேண்டியவர்கள் நாம். ஆனால் எதிர்ப்பதற்கு முன் ஓர் உண்மையை அறிய வேண்டும். கோணலைக் குறைப்பதில் செலவே இல்லாத பகுதி ஒன்று உண்டு. அது கீறல் எந்தப் பக்கம் என்பது. கீறிய திசை தட்டையாகும் என்றேனல்லவா? நம் நாட்டில் ஏழை மக்களுக்குப் பெரும்பாலும் செய்யப்படுவது தையலில்லாச் சிறு கீறல் அறுவை. கீறல் ஆறு, ஏழு மில்லிமீட்டர் அளவு. மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து மேற்புறம் கீறுவதே பழைய வழக்கம். அப்படிக் கீறினால் நெடுக்குத் திசை தட்டையாகும். ஒரு டயாப்டர் அளவுக்குக் கூட அது செல்லும். முன்பே குறுக்குத் திசையில் வளைவு மிகுந்த முதியவருக்கு, அது கோணலின் மேல் கோணல்! அதே கீறலை நெற்றிப்பொட்டின் பக்கமாக, கண்ணின் புறவோரத்தில் செய்தால், இருக்கும் கோணல் குறையும். அதே கத்தி, அதே வில்லை, அதே மருத்துவர். நாற்காலியை மட்டும் நகர்த்த வேண்டும். வேறு பழக்கத்தில் கை தேர்ந்தவர்க்கு அது எளிதன்று என்பதை ஒப்புகிறேன். ஆயினும், பழக்கம் மருத்துவருடையது, கண் நோயாளியுடையது.

இப்படிக் கூறுவதால் மருத்துவரைப் பழிக்கிறேன் என்று எண்ணற்க. மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டு நோயால் விரல்கள் கோணிப் போனவர். அந்தக் கோணிய விரல்களைப் பழக்கிக் கத்தி பிடித்து, இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களைத் திறந்தார். அவர் ஆன்மிகப் பற்றுடையவர். அந்த வழியில் நமக்கு உடன்பாடில்லை. அந்தக் கைகளுக்கு வணக்கம். அவர்களுடைய ஆரோலேப் 1992-இல் தோன்றியது. வெளிநாட்டு வில்லையின் விலையில் சிறு பங்குக்கு இங்கேயே வில்லை செய்து, ஏழைக்கு வில்லை எட்டாது என்ற பேச்சைப் பொய்யாக்கியது. சாதாரண வில்லைக்கு நடந்தது டோரிக் வில்லைக்கு நடக்காது என்று எவர் கூற முடியும்? விலை இறங்கும் வரையில் அளவாவது எடுக்கட்டும். கீறும் பக்கத்தையாவது தேர்ந்து செய்யட்டும். கருவிழியின் வளைவு, உள்ளே வைக்கும் வில்லையின் ஆற்றலைக் கணிக்க எப்படியும் அளக்கப்படுகிறது. அந்தத் தாளில் இரு திசைக்கும் இரு எண்கள் இருக்கின்றன. நோயாளிக்கு அவற்றைக் கூறுவதற்கு ஒரு காசும் செலவில்லை.

எங்கள் வீட்டில் நான் தந்தையாரின் “போதும்” என்பதை ஏற்கவில்லை. என் மாத ஊதியத்தில் பாதிக்கு மேல் போயிற்று. சீட்டுப் பணத்தில் ஈடு கட்டினேன். நாள் குறித்தபோது அத்தை பஞ்சாங்கத்தோடு வந்தார். “செவ்வாய்க்கிழமை, அதிலும் அஷ்டமி. கண்ணுல கத்தி வைக்கலாமாடா?” என்றார். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் மருத்துவர் பார்த்த நாளும் கோளும். அஷ்டமியன்றே அறுவை நடந்தது. அமர வைத்து மைப்புள்ளி வைத்தனர். அத்தை மகிழ்ந்தது அப்போதுதான்.

இருபது நாள் கழித்துத் தறியில் அமர்ந்தார். அருகே பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்று மருத்துவர் முன்பே கூறியிருந்தார். வைக்கும் வில்லை இளமைக் கண்ணைப் போல் தொலைவுக்குத் தொலைவு தன்னை மாற்றிக் கொள்ளாது. அதற்கு உருளையில்லாத எளிய கண்ணாடியே போதுமாயிற்று, தரை சரியவில்லை. வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தார். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பார்த்தார். மாறி மாறி நெடுநேரம் பார்த்தார். “ஒரே ஆளு, ரெண்டு துணி” என்றார். வேறொன்றும் கூறவில்லை, நாடாவை எடுத்துக் கொண்டார். வலக்கண்ணுக்கு இனி என்ன செய்யலாம் என்று மருத்துவர் ஆய்ந்து வருகிறார். உள்ளே வைத்துவிட்ட வில்லையை மாற்றுவது, முதலிலேயே சரியாக வைப்பதைவிடக் கடினம்.

எங்கள் படிப்பகச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. கடிகார முகம் போல், நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரே கனத்தில் கோடுகள் வரைந்த தாள். ஆறடி தள்ளி நின்று ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்கிறோம். எல்லாக் கோடும் ஒன்றுபோல் தெரிந்தால் நல்லது. ஒரு திசைக் கோடு கறுத்தும் அதன் குறுக்குக் கோடு வெளுத்தும் தெரிந்தால், எந்தத் திசை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறோம். புரை முற்றியவருக்கு எல்லாமே மங்கும். அவர்க்கு இது பயன்படாது. இது மருத்துவமும் அன்று. முகாமுக்குச் செல்லும் முதியவர் அந்தத் துண்டை நீட்டி, “என் கருவிழியின் இரு எண்கள் என்ன? எந்தப் பக்கம் கீறப் போகிறீர்கள்?” என்று கேட்பதற்கே அது. படிக்கத் தெரியாதவரோடு ஓர் இளைஞர் உடன் செல்கிறார். சென்ற ஞாயிறன்று என் அத்தை அந்தத் தாளின் முன் நின்றார்.